பழைய கோப்புகளும் கல்லூரிப் பிள்ளைகளும்

கேள்வி: என் மகள் தடய அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். துப்பு துலங்காத பழைய வழக்குகளையும் காணாமல் போனவர்களின் கோப்புகளையும் ஆராய அவள் ஆசிரியர் மாணவர் குழு ஒன்றை அமைக்கிறாராம். இவளும் பெயர் கொடுத்துவிட்டாள். பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா டாக்டர்?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: போகட்டும் அம்மா. ஆனால் அந்தக் குழு எப்படி நடக்கப்போகிறது என்று முதலில் விசாரியுங்கள். எதை விசாரிப்பது என்பதற்கு அர்ஜென்டினாவின் கதையைச் சொல்கிறேன்.

அங்கே 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. பிடித்துக்கொண்டு போனவர்கள் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பவில்லை. பிறகு அரசு அமைத்த விசாரணைக் குழு பதிவு செய்தது 8,961 பேரை. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. ஆட்சி மாறியதும் பெயரில்லாத புதைகுழிகளைத் தோண்டினார்கள். சில இடங்களில் புல்டோசரே வந்தது. எலும்புகள் நொறுங்கி, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்துபோயின. பிள்ளையைத் தேடி வந்த தாய் அந்தக் குழியைப் பார்த்து எப்படி நின்றிருப்பாள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

1984இல் க்ளைட் ஸ்நோ என்ற அமெரிக்கத் தடய மானுடவியலாளர், அதாவது எலும்பைப் பார்த்து இறந்தவர் யார் என்று கண்டுபிடிப்பவர், அங்கே போனார். உதவிக்கு அனுபவசாலிகள் கிடைக்கவில்லை. அரசு மருத்துவர்களைக் குடும்பங்கள் நம்பவில்லை. கடைசியில் கூட வந்தது மானுடவியலும் தொல்லியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த சில மாணவர்கள். அவர்களுக்கும் பயம்தான், ராணுவம் திரும்பி வந்துவிட்டால்? யோசிக்க நேரம் கேட்டார்கள். அப்புறம் வந்தார்கள். அந்த மாணவர்கள் தொடங்கியதுதான் அர்ஜென்டினா தடய மானுடவியல் குழு. 1997இல் பொலிவியாவில் சே குவேராவின் எலும்புகளை அடையாளம் கண்டதில் அந்தக் குழுவுக்கும் பங்குண்டு.

மண்வெட்டியை வைத்துவிட்டுத் தூரிகையும் சல்லடையும் எடுத்தார்கள், சரி. அதைவிடப் பெரிய வேலை, குடும்பங்களோடு உட்கார்ந்து கேட்டது. உயரம் என்ன, எந்தப் பல்லை அடைத்திருந்தார்கள், சின்ன வயதில் எங்காவது விழுந்து கை முறிந்ததா? அம்மாவுக்குத் தெரிந்த இந்த விவரங்கள்தான் பெயரில்லாத எலும்புக்குப் பெயர் தந்தன. மரபணு சோதனை கைக்கு வராத காலம் அது.

முப்பது வருடம் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருமுறை முன்கை எலும்பு ஒன்றை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். எல்லோரும் இடதா வலதா என்று பார்த்துக் கடத்திவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் நடுவில் இருந்த சின்ன மேட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "முறிஞ்சு கூடியிருக்கு சார். கொஞ்சம் கோணல். புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்களோ?" என்றாள். கூட்டிக்கொண்டு போன ஒரு ஆள் அந்த எலும்புக்குப் பின்னால் இருந்தார் என்று அவளுக்குத் தோன்றியது. இந்த வேலைக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் வேண்டும்.

நம் மொழி பேசும் இடத்திலும் இது நடக்கிறது. யாழ்ப்பாணம் செம்மணியில் 2025இல் நீதிமன்ற மேற்பார்வையில் புதைகுழியை அகழ்ந்தபோது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்களும் மண்ணில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அங்கே குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. ஒரு பள்ளிப் பையும் கிடைத்தது. துணிமணிகளையும் பொருட்களையும் உறவினர்கள் வந்து அடையாளம் பார்க்க வைத்தார்கள்.

இப்போது உங்கள் மகளின் ஆசிரியரிடம் கேளுங்கள். கோப்புகளைக் காவல்துறை முறைப்படி தருகிறதா? தொலைந்தவரின் குடும்பத்துக்கு இது தெரியுமா, சம்மதமா? அவர்களைப் பார்க்கப் போகும்போது பெரியவர் ஒருவர் கூட வருவாரா? வாட்ஸ்அப்பில் படம் போடக் கூடாது, "இவன்தான் செய்திருப்பான்" என்று வெளியில் ஒரு பெயரும் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்குகிறார்களா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் அனுப்பாதீர்கள். தவறான ஒரு பெயர் பரவினால் இன்னொரு குடும்பம் தெருவில் நிற்கும்.

இன்னொன்று. முதல்முறை ஒரு தாயிடம் பேசிவிட்டு வந்த அன்று இவள் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். என்ன ஆச்சு என்று குடையாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவளாகவே பேசுவாள்.