ஞாயிறு தவிர மற்ற நாட்களில் கிறிஸ்தவராக வாழ்வது என்றால் என்ன?

ஆலயத்தில் அறிக்கையிடும் விசுவாசம், வேலையிலும் பணத்திலும் பேச்சிலும் வீட்டாரை நடத்தும் விதத்திலும் தெரிவதுதான் அது. சிலுவை அணிவது நல்லதுதான், ஆனால் அது வெளி அடையாளம் மட்டுமே.

ஏன் இப்படி வாழ வேண்டும்? கடவுளின் அன்பைச் சம்பாதிக்க அல்ல, அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்பதால். தத்தெடுக்கப்பட்ட குழந்தையைப் பாருங்கள். நல்ல பிள்ளையாக நடந்து காட்டினால்தான் வீட்டில் இடம் என்று யாரும் சொல்வதில்லை. முதலில் பிள்ளையாகிறது, அப்புறம் அந்த வீட்டின் பழக்கங்கள் மெல்ல மெல்ல அதற்கும் வந்துவிடுகின்றன. பைபிளில் ரோமர் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் பேசுவதும் இந்த உறவைத்தான்.

சரி, நடைமுறையில் எப்படி? எனக்கு மிகவும் பிடித்த பதில் லூக்கா நற்செய்தியின் 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசுவுக்கு முன் வந்த தீர்க்கதரிசியான யோவான் ஸ்நானகன், "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்ட வரி வசூலிப்பவர்களை வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்வீரர்களிடம், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார். எவ்வளவு நேரடியான பேச்சு!

தவறே செய்யாதவர்தான் கிறிஸ்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: தவறியபோது ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவரான சகேயுவைப்போல எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் இந்த வாழ்க்கையில் அடங்கும்.