அம்மா இருந்த சங்கம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சஸில் வேலை பார்க்கிறேன். என் அலுவலகத்தில் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவரும் அவருடைய அம்மாவும் இருந்த சொரோரிட்டி (கல்லூரிப் பெண்களின் சங்கம்), உறுப்பினர் குடும்பத்துப் பெண்களுக்குத் தரும் ‘லெகசி’ முன்னுரிமையை எடுத்துவிட்டதாம். மகள் இந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்கிறாள். “இத்தனை வருஷம் நன்கொடை கொடுத்தேன், இனி ஒரு டாலர் தரமாட்டேன்” என்று கண்கலங்கினார். பாவமாக இருந்தது. கூடவே, இதென்ன வாரிசுரிமை என்று எரிச்சலும் வந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவருடைய வருத்தம் பொய்யில்லை. உறுப்பினரின் மகள், பேத்தி, தங்கை ஆகியோரைத்தான் லெகசி என்கிறார்கள். சேர்க்கையின் முதல் சுற்றோடு அவர்களைக் கழித்துவிடக் கூடாது, கடைசிச் சுற்றுவரை வந்தால் பெயரைப் பட்டியலின் மேலே வைக்க வேண்டும் என்பது பல சங்கங்களின் பழைய விதி. எடுக்க முடியாவிட்டால் அம்மாவுக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லும் வழக்கம்கூட இருந்தது. நிராகரிப்பு யாருக்கு என்று பாருங்கள்!

ஆனால் அந்த விதி நடைமுறையில் எப்போதோ ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்காவின் தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. சில கிளைகளில் லெகசிகளே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார்கள். விதி இருந்தபோதும் எத்தனையோ மகள்கள் வெளியேதான் நின்றார்கள்.

பாட்டி சேர்ந்த காலத்தையும் யோசியுங்கள். அன்று இந்தச் சங்கங்களில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் இது, ஓரிரு விதிவிலக்கு தவிர, 2013 வரை நீண்டது. நல்ல மதிப்பெண் பெற்ற கறுப்பின மாணவியைச் சேர்க்க மாணவிகள் விரும்பியும் முன்னாள் உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்று அங்குள்ள மாணவர் பத்திரிகை கிரிம்சன் ஒயிட் எழுதியது. அந்த மாதமே நிர்வாகம் தலையிட்டுச் சேர்க்கையை மறுபடி திறந்தது. 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு பல சங்கங்கள் லெகசி விதியைக் கைவிட்டதற்கு இந்தப் பழைய வரலாறுதான் காரணம். கறுப்பினப் பாட்டிக்கே கதவு மூடியிருந்தால் பேத்தி எப்படி லெகசி ஆவாள்?

கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சங்கத்தில் மூன்று தலைமுறை என்று சொல்லிக்கொள்ளும் பெருமையை நான் வேறாகப் பார்க்கிறேன். (கமலா ஹாரிஸ் அங்கே சேர்ந்தவர்தான். அம்மா சென்னையில் பிறந்து அமெரிக்கா போனவர், லெகசிக்கு எங்கே போவது?)

உங்கள் தோழியிடம் எனக்கு ஒப்பாதது அந்த நன்கொடைப் பேச்சு மட்டும்தான். கொடுத்தது சங்கத்துக்கா, மகளின் இடத்துக்கு முன்பணமா? விதி போனதால் மகளை யாரும் தடுக்கப்போவதில்லை, மற்றவர்களோடு அவளும் போகலாம். அந்தப் பெண்ணுக்கு அதில் சேர ஆசை இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டுப் பாருங்கள்.