கலஹாரிக்குக் குழுவாகப் போகுமுன்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் டர்பனிலிருந்து ஒரு குழுவோடு நானும் கணவரும் கலஹாரிப் பாலைவனத்தில் உள்ள கலகாடி வனவிலங்குப் பூங்காவுக்குப் போக நினைக்கிறோம். அவர் தினமும் இன்சுலின் போடுகிறவர். புரட்டாசி மாதம் என்பதால் அசைவம் தொடமாட்டோம். முன்பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்? – சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் விலையைப் பேசுவதற்கு முன், எந்த இரவு எந்த முகாமில் என்று எழுதி வாங்குங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

நுழைவாயிலில் உள்ள ட்வீ ரிஃபீரன் முகாம் அப்பிங்டன் நகரத்திலிருந்து ஏறக்குறைய 250 கி.மீ., தார்ச்சாலை. அங்கிருந்து நொசொப் முகாமுக்கு இன்னும் 160 கி.மீ.; சரளையும் மணலுமான பாதை. பூங்காவுக்குள் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்பதால், நிற்காமல் போனாலே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரிய மருத்துவமனைக்கு அப்பிங்டனுக்குத்தான் திரும்ப வேண்டும். உள்ளே போகப் போகக் கைப்பேசியில் சிக்னலும் இருக்காது. அதனால் உங்கள் கணவரை நினைத்து, நுழைவாயில் முகாமில் கூடுதல் இரவுகள் தங்கும் திட்டத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். வேலியில்லாத முகாம்கள் இந்த முறை வேண்டாம்.

வழிகாட்டியிடம் சேட்டிலைட் போன் உண்டா, முதலுதவிப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வழிகாட்டி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை.

இன்சுலினுக்கு இரண்டு ஆபத்து. பகலில் மூடிய வண்டிக்குள் சூடு ஏறும், பாலைவன விடிகாலையோ நன்றாகக் குளிரும். தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பை வாங்குங்கள். காற்று வறண்டிருப்பதால் அங்கே அது நன்றாகவே வேலை செய்யும். ஐஸ்கட்டியோடு நேராக ஒட்டி வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. தேவைக்கு இருமடங்கு எடுத்து, பாதியை உங்கள் கைப்பையில் தனியாக வையுங்கள். சர்க்கரை திடீரென இறங்கினால் கொடுக்க இனிப்பும் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

கூச்சப்படாமல் கேட்க வேண்டியது கழிப்பறை. சிங்கம் திரிகிற இடம். முகாம்களையும் குறிப்பிட்ட ஓய்விடங்களையும் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்க அனுமதியில்லை. சர்க்கரைக்காரருக்கு இது பெரிய அவஸ்தை. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள் என்று முன்கூட்டியே பேசுங்கள். பின்சீட்டில்தான் குலுக்கல் அதிகம், முன்வரிசை கேளுங்கள்.

சாப்பாடு? பாலைவனக் குழு என்றால் ராத்திரியில் பெரும்பாலும் பிராய்தான், அதாவது நெருப்பில் கம்பிவலை வைத்து இறைச்சி சுடுவது. தனிக் கம்பிவலை, தனி இடுக்கி தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், டின் பீன்ஸ், பருப்பு, ஊறுகாய், முதல் நாளுக்கு வீட்டு ரொட்டி எல்லாம் கையோடு இருக்கட்டும். முகாம் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்கப் பாட்டில் தண்ணீர் யார் கொண்டுவருவது என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் மெடிக்கல் எயிடுக்கு (மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு) ஒரு போன் போட்டு, பூங்காவுக்குள்ளிருந்து விமானத்தில் அழைத்துவர நேர்ந்தால் செலவை ஏற்பார்களா என்று எழுத்தில் வாங்கிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.