மரக்கலமும் கைப்பழக்கமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மரப்படகுகளையும், அவற்றைக் கட்டுகிற, செலுத்துகிற திறமைகளையும் காப்பது பற்றி வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: கண்ணாடியிழைப் படகு வந்த பிறகு எங்கள் வேலை எளிதாகிவிட்டது. மரப்படகைக் காக்க வேண்டும் என்பது கடலுக்குப் போகாதவர்களின் ஏக்கம்தானே? (கடலூர் வாசகர்)

பதில்: தொழிலுக்குப் போகிறவர் எந்தப் படகில் போக வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு முன்பே தொடங்கிவிட்ட அந்த மாற்றம், நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வழங்கப்பட்டதால் இன்னும் விரைந்தது. ஆனால் கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். ஆணியே இல்லாமல், கயிற்றால் பிணைத்த சில மரங்கள். அலை மேலேறினால் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைக்கலாம். துறைமுகமே இல்லாத, அலை ஓயாமல் உடைகிற நம் கடற்கரைக்கு ஏற்றபடி தலைமுறை தலைமுறையாகச் செப்பம் செய்யப்பட்ட கலம் அது. ஆங்கிலம் அதன் பெயரையே நம்மிடமிருந்துதான் பெற்றது. அதைச் செலுத்தியவர் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார். எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏற வேண்டும் என்பதை உடம்பால் அறிந்திருந்தார். இயந்திரம் நடுக்கடலில் நின்றுபோன நாளில், பாய் விரிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றல்ல. நான் காக்கச் சொல்வது அந்த அறிவை. ஒரு கலத்தைக் கட்டாமலும் ஓட்டாமலும் அந்த அறிவைக் கைமாற்ற வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் பெரும்பாலோர் மீனவர் பிள்ளைகள். அவர்களுக்கு இத்திறமைகளைக் கற்பிக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? (ஆசிரியை, தொண்டி அருகே)

பதில்: நீங்கள் இருக்கும் இடமே பாதி வேலையைச் செய்துவிட்டது. உங்கள் கரையில் இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. படகு காற்றில் சாயாதிருக்க, குறுக்கே நீட்டிய பலகையின் மேல் இளைஞர்கள் ஏறி நின்று எடையைச் சமன் செய்வதை உங்கள் மாணவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். நெம்புகோலைப் பற்றிய பாடத்தை அந்தப் பலகையிலிருந்து தொடங்கலாமே.

ஆனால் ஒரு நாள் விழாவோ ஓவியப் போட்டியோ நடத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஊரில் படகு கட்டத் தெரிந்த ஓடாவி ஒருவரையும், பாய் விரித்து ஓட்டிய மூத்த மீனவர் ஒருவரையும் தேடுங்கள். இருவரும் தேவை, ஏனெனில் கட்டுகிறவரின் அறிவு வேறு, ஓட்டுகிறவரின் அறிவு வேறு, ‘அமரம் (படகின் பின்பகுதி) தாழ்ந்து போகிறது’ என்று ஒருவர் குறை சொல்ல, மற்றவர் அதைக் கேட்டு அடுத்த படகில் திருத்தியதால்தான் நம் வள்ளங்களின் வடிவம் உருவாயிற்று. அந்த உரையாடல் பிள்ளைகளின் காதில் விழ வேண்டும். இருவருக்கும் நாட்கூலி கொடுங்கள். பொன்னாடை போர்த்திவிட்டு ஓர் ஓடாவியின் உழைப்பை இலவசமாகப் பெறுவதை நான் மனமார வெறுக்கிறேன். தன் தொழிலுக்குக் கூலி உண்டு என்று அவர் கண்டால்தான் தம் மகனையோ மகளையோ அதில் இறக்குவார்.

பிறகு, ஒரு சிறு வள்ளத்தை முழுமையாகக் கட்டுங்கள், ஓர் ஆண்டு ஆனாலும் சரி. மரம் தேர்வதிலிருந்தே மாணவர்கள் உடனிருக்கட்டும். படகின் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டமான வங்குக்கு நேரான மரத்தை வளைவாக அறுத்தால் இழை குறுக்கே வெட்டுப்பட்டு எளிதில் ஒடியும் என்பதால், இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடுவார் ஓடாவி. ஒரு வாகை மரத்தையோ வேம்பையோ அண்ணாந்து பார்த்து அதற்குள் இருக்கும் வங்கைக் காணும் அந்தப் பார்வையைப் புத்தகத்தால் தர முடியாது. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் கப்பல் சாத்திரம் என்ற பழந்தமிழ் நூலை அச்சிட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மட்டும் ஒருவர் படகின் அடிமரமான ஏராவை இட்டுவிட முடியாது.

மாணவர்கள் ஒரு சொல்லேடும் எழுதட்டும். அணியம் (முன்பகுதி), அமரம், ஏரா, வங்கு, பருமல் (பாய் கட்டும் கழி), தாமான் (பாயை இழுத்துக் கட்டும் கயிறு) என்று ஒவ்வொரு சொல்லையும் அது குறிக்கும் உறுப்பின் படத்தோடும், சொன்னவரின் வழக்கிலேயும் பதிய வேண்டும். அடுத்த ஊரில் வேறு சொல் வழங்கினால் அதையும் சேர்க்க வேண்டும். மாணவியரை ஏட்டு வேலையில் மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்; உளியும் துடுப்பும் அவர்கள் கையிலும் இருக்கட்டும். நீரில் இறங்கும் நாள் முதல் உயிர்காப்பு உடை அனைவருக்கும் கட்டாயம்.

கேள்வி: தாத்தாவின் வள்ளம் தோட்டத்தில் கிடக்கிறது. பலகை இணைப்புகள் விரிந்துவிட்டன. கண்ணாடியிழை பூசிவிடலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: வேண்டாம். பழைய மரத்தின் மேல் கண்ணாடியிழை பூசினால் உள்ளே ஈரம் சிக்கி, வெளியே தெரியாமல் மரம் மக்கும். இணைப்புகள் விரிந்தது பலகை உலர்ந்து சுருங்கியதால்தான். அவற்றைச் சிமெண்ட் போன்ற கெட்டியான பொருளால் அடைத்தால், மறுபடி நீரில் ஊறிப் பலகை உப்பும்போது அதுவே பலகைகளைப் பிரித்துவிடும். மழைநீர் உள்ளே தேங்கவே கூடாது; கடல்நீரைவிட நன்னீரே மரத்தை விரைவில் மக்கச் செய்கிறது. காற்றோட்டமான நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, ஏரா நெடுகப் பல இடங்களில் முட்டுக் கொடுத்து வையுங்கள். இரு முனைகளில் மட்டும் தாங்கினால் நடுப்பகுதி தொய்ந்துவிடும். கலப்பற்று வேலையை, அதாவது இடுக்கில் பஞ்சோ நாரோ திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவதை, அறிந்தவரிடமே விடுங்கள். அவர் வருவதற்கு முன் படகை அளந்து வரைந்து வையுங்கள்.

கேள்வி: வல்வெட்டித்துறையின் ‘அன்னபூரணி’ போன்ற கப்பலை இனி நம்மால் கட்ட முடியுமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே செலுத்த, 1938இல் அது மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இதை எழுதும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

முடியுமா என்பதற்கு ஹவாயின் அனுபவத்தைச் சொல்கிறேன். அங்கே 1975இல் ‘ஹோகுலேயா’ என்ற இரட்டைத் தோணியைக் கட்டியவர்களிடம், விண்மீனையும் அலையையும் பார்த்துத் தொலைதூரம் செலுத்தும் அறிவு எஞ்சியிருக்கவில்லை. மைக்ரோனேசியாவின் சதவால் தீவிலிருந்து மாவ் பியைலுக் என்ற மாலுமியை அழைத்தார்கள். தம் தீவின் இளைஞர்கள் கற்க முன்வராததால் அறிவு தம்மோடு போய்விடுமே என்று கவலைப்பட்டவர் அவர். 1976இல் கருவி எதுவுமின்றி அவர் அத்தோணியைத் தாஹிட்டி வரை செலுத்தினார். 1980இல் அவரிடம் கற்ற நைனோவா தாம்சன் அதே பயணத்தைத் தாமே வழிகண்டு போய்த் திரும்பினார். ஹவாய் மக்கள் ஆசிரியரை வேற்றுத் தீவில் தேட வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை என்றே நம்புகிறேன். ஊரில் உளி பிடிக்கும் ஓடாவி ஒருவர் இருந்தால், கப்பலுக்காகத் திரட்டும் பணத்தின் முதல் பகுதியில் அவரருகே இரண்டு இளைஞர்களை மாதக் கூலிக்கு அமர்த்தி, ஒரு மீன்பிடி வள்ளத்தைக் கட்டச் சொல்லுங்கள்.