கையை எங்கே வைத்தீர்கள்?

அன்புள்ள டாக்டர்,

அம்மாவுக்கு 67 வயது. எட்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று. மாத்திரையை இரவில் போட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் பாதியாகக் குறையும் என்று ஓர் ஆராய்ச்சி வந்திருப்பதாகப் படித்தேன். இரவுக்கு மாற்றிவிடலாமா?

போன மாதம் ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கினேன். காலையில் நானும் மாலையில் அப்பாவும் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். ஒருநாள் போல் ஒருநாள் இல்லை. 150ஐத் தாண்டிய நாட்களில் பயந்துபோய் அரை மாத்திரை கூடுதலாகக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. நான்கைந்து முறை அப்படிக் கொடுத்திருப்பேன். நோட்டுப் பக்கத்தையும், அம்மாவுக்கு பிரஷர் பார்க்கும்போது எடுத்த ஒரு படத்தையும் இணைத்திருக்கிறேன். மணிக்கட்டில் கட்டும் மெஷின் இன்னும் சரியாகக் காட்டுமா? வெறும் வயிற்றில் பூண்டு கொடுக்கிறோம், தொடரலாமா? அம்மாவுக்கு வேறு தொந்தரவு இல்லை. காலையில் எழும்போது மட்டும் கொஞ்சம் தலை சுற்றுகிறது என்கிறார்.

ம., திண்டுக்கல்

*

அன்புள்ள ம.,

காலையா இரவா என்ற கேள்விக்கு விடை வந்துவிட்டது. நீங்கள் படித்தது 2019ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஹைஜியா ஆய்வாக இருக்கும். அதில் சொன்ன பலன் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்ததால் அப்போதே பலர் கேள்வி எழுப்பினார்கள். அதன் பிறகு பிரிட்டனில் 21,104 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் காலையிலும் மறு பாதியை இரவிலும் மாத்திரை சாப்பிட வைத்து ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 2022ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த டைம் ஆய்வு அது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது இரு பக்கமும் ஒன்றுதான். கனடாவில் நடந்த பெட்மெட் ஆய்வும் அதையே சொன்னது. அம்மா எந்த நேரத்தில் மறக்காமல் சாப்பிடுகிறாரோ அதுதான் சரியான நேரம். எட்டு வருடப் பழக்கத்தைக் கலைக்காதீர்கள்.

பூண்டு குழம்பில் இருக்கட்டும், வெறும் வயிற்றில் கொடுத்து அவர் வயிற்றை எரிய விட வேண்டாம். மணிக்கட்டு மெஷின் வேண்டாம். மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதற்கெல்லாம் அதன் எண் ஆடும். இருக்கிற மேற்கை மெஷினே போதும். அதன் மாடல், சோதித்துத் தேறிய மெஷின்களின் ஸ்ட்ரைட் பிபி என்ற சர்வதேசப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.

என் கண் அந்தப் படத்திலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் படமாகவே அனுப்பிவிட்டீர்கள்.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பாதம் தரையைத் தொடவில்லை, ஒரு கணுக்காலை மற்றதன்மேல் பின்னியிருக்கிறார். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, அது சதையில் பதிந்திருக்கிறது. அதற்குக் கீழே மெஷினின் பட்டை. பட்டையின் ஒட்டும் பகுதி ஓரத்தில் ஓர் அங்குலம்தான் பிடித்திருக்கிறது. கை மடியில் கிடக்கிறது. வாய் திறந்திருக்கிறது, உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தனையும் சேர்ந்த எண்ணைத்தான் நீங்கள் நோட்டில் அம்மாவின் பிரஷர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2024 அக்டோபரில் வெளிவந்தது. அதே ஆள், அதே மெஷின், கை வைக்கும் இடம் மட்டும் மூன்று விதம்: மேசைமேல், மடியில், பக்கவாட்டில் தொங்கவிட்டு. மேசைமேல் வைத்தபோது வந்த எண்ணைவிட, மடியில் வைத்தபோது மேல் அளவு சராசரியாக 3.9, கீழ் அளவு 4 கூடியது. தொங்கவிட்டபோது மேல் அளவு 6.5, கீழ் அளவு 4.4 கூடியது. இவை சராசரிதான். சிலருக்கு இதைவிட அதிகம்.

ஏன் கூடுகிறது? கைக்குள் இருப்பது ரத்தம் நிரம்பிய குழாய். இதய மட்டத்துக்குக் கீழே போகப் போக, மேலே நிற்கும் ரத்தத்தின் எடையும் அழுத்தத்தோடு சேரும். மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகமாக வருவதும் இதனால்தான். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் முக்கால் மில்லிமீட்டர் பாதரசம் கூடும். பட்டை நான்கு விரற்கடை கீழே இருந்தாலே ஐந்தாறு வந்துவிடும். மேலே தூக்கினால் அதே கணக்கில் குறையும். கைக்கு ஒன்றும் முட்டுக் கொடுக்காமல் அவரே தூக்கிப் பிடித்தாலும் தொல்லைதான். தசை இறுகும், இறுகினால் அழுத்தம் ஏறும். ஆகவே கை ஓய்வாகக் கிடக்க வேண்டும், அதே சமயம் உயரத்திலும் இருக்க வேண்டும். பட்டையின் நடுப்பகுதி நெஞ்செலும்பின் நடுவுக்கு நேராக வரவேண்டும். முழங்கை லேசாக மடங்கி, உள்ளங்கை மேலே பார்த்து, முன்கை முழுவதும் மேசையில் படுத்திருக்க வேண்டும்.

நாலைந்து மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று எழுதிவிடாதீர்கள். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - ‘இந்தியாப்’ (INDIAB) என்ற ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு. ரத்தக்கொதிப்பு என்று சொல்லும் அளவுக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெருக்கமாக நிற்கிற கூட்டம் அவ்வளவு பெரியது. கையை மடியில் வைத்துப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி கோட்டைத் தாண்டிவிடும். தேவையில்லாத மாத்திரை தொடங்கும், அல்லது ஒன்று இரண்டாகும். அம்லோடிபின் அளவு கூடக் கூட கணுக்கால் வீங்குவதும் கூடும். அந்த வீக்கத்தை வேறு நோய் என்று எண்ணி நீர் பிரியும் மாத்திரை சேர்ப்பார்கள். வயதானவர் இரவில் இரண்டு முறை கழிவறைக்கு எழுந்து போவார், ஒருமுறை விழுவார். ஒரு மேசை இல்லாமல் போனதற்காக இவ்வளவும் நடக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள் வாசலுக்கு வந்து பிரஷர் பார்க்கும்போதும், திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, நாற்காலியும் மேசையும் காட்டி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் நர்ஸிடமும் அப்படியே கேளுங்கள். கூட்டத்தில் அவருக்கும் நேரம் இல்லை. மரியாதையாகக் கேட்டால் செய்வார்.

அடுத்தது பட்டை. ஓர் அங்குலம்தான் ஒட்டுகிறது என்றால் அது அம்மாவுக்குச் சின்னது. குறுகிய பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும் என்பது 1901லேயே ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மானிய மருத்துவர் சொன்னது. இன்றும் பெட்டிக்குள் ஒரே அளவு பட்டையை வைத்து விற்கிறார்கள். 2023ல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 195 பேரிடம் சோதித்தபோது, மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை மேல் அளவை 19.5 கூட்டிக் காட்டியது. ஒரு படி பெரியது தேவைப்பட்டவர்களுக்கு 4.8 கூடியது. சின்னப் பட்டை தேவையான ஒல்லிக் கைக்கு 3.6 குறைந்தது. தையல் டேப்பை எடுத்து, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் சரி நடுவில் அம்மாவின் கையைச் சுற்றி அளந்து பாருங்கள். பட்டையின் ஓரத்தில் எத்தனை சென்டிமீட்டருக்கு உரியது என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 22 முதல் 32. அம்மாவின் கை அதற்கு மேல் என்றால் அதே கம்பெனியின் பெரிய பட்டையைத் தனியாக வாங்குங்கள். வேறு கம்பெனிப் பட்டையைச் செருகாதீர்கள். இந்த மெஷின் சத்தம் கேட்டு அளப்பது இல்லை. பட்டைக்குள் காற்று அதிர்வதைப் பார்த்து, தன் கம்பெனிக் கணக்கை வைத்து எண்ணை வருவிக்கிறது. பட்டை மாறினால் கணக்கும் மாறிவிடும்.

ரவிக்கைக் கையைச் சுருட்டக் கூடாது. கயிறு கட்டியது போல இறுக்கும், அதற்குக் கீழே வரும் எண்ணை நம்ப முடியாது. கை தளர்வான நைட்டி போட்டுக்கொள்ளட்டும். வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கத்தில் கட்டுங்கள்.

இனி உங்கள் நோட்டு. 9ம் தேதி காலை 8.10க்கு 152, 8.11க்கு 158, 8.12க்கு 161, பக்கத்தில் ‘அரை மாத்திரை’, 8.40க்கு 146. ம., இந்த வரியைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. அம்லோடிபின் ரத்தத்தில் உச்சத்துக்கு வரவே ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிட்டு அதன் அளவு உடம்பில் ஒரு நிலைக்கு வர ஒரு வாரம் பிடிக்கும். அரை மணி நேரத்தில் இறங்கியது உங்கள் அரை மாத்திரையால் இறங்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்த அம்மா, நீங்கள் எழுந்து போனதும் கொஞ்சம் ஆறினார், அவ்வளவுதான். நீங்கள் கொடுத்தது அன்று சாயங்காலமும் மறுநாளும் வேலை செய்திருக்கும், அப்போது அளவு ஏற்கெனவே இறங்கியிருந்தாலும். கடிதத்தின் கடைசி வரியில் ‘எழும்போது மட்டும் கொஞ்சம் தலை சுற்றுகிறது’ என்று எழுதிவிட்டு அதைத் தொந்தரவு இல்லை என்ற கணக்கில் சேர்த்திருக்கிறீர்களே! முதல் வரியில் வந்திருக்க வேண்டியது அது. இனி ஒரு துண்டு மாத்திரையும் உங்கள் கையால் கூடவோ குறையவோ வேண்டாம். அம்மாவின் மருத்துவரிடம் இந்த நான்கைந்து அரை மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தலைசுற்றலுக்கு இன்றே ஒன்று செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். நிற்கும்போதும் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க முன்கையை நீங்கள் தாங்கிப் பிடியுங்கள். அப்பா பக்கத்தில் நிற்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், வார முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மாலை வரிகள் வேறு கையெழுத்து. 150/90, 140/80, 150/80, 140/90. பக்கம் முழுக்கப் பூஜ்யத்தில்தான் முடிகிறது. டிஜிட்டல் மெஷினில் பத்துக்கு ஒருமுறைதான் பூஜ்யம் வரும். அப்பா முழு எண்ணாக்கி எழுதுகிறார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், பாதரச மெஷின் காலத்து டாக்டர்கள் பலரும் அப்படித்தான் எழுதினார்கள். 143 என்றால் 143 என்றே எழுதச் சொல்லுங்கள், போதும்.

இந்த நோட்டை மூடிவிட்டுப் புதுப் பக்கம் தொடங்குங்கள். ஏழு நாள் பார்த்தால் போதும். முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையையே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காப்பிக்கும் மாத்திரைக்கும் பலகாரத்துக்கும் முன்னால். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிந்து ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். டி.வி. வேண்டாம். இரண்டு முறை பாருங்கள், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். 8.10, 8.11, 8.12 என்று பயத்தில் அமுக்கிக்கொண்டே போகக் கூடாது. முதல் நாள் நான்கு எண்களைத் தள்ளிவிட்டு மீதி 24க்கும் சராசரி எடுங்கள். வீட்டில் பார்த்த சராசரிக்குக் கோடு 135/85, கிளினிக்கில் சொல்லும் 140/90 அல்ல. அந்தச் சராசரியோடு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று அவர் சொல்வார். நடுவில் எப்போதாவது 180/120ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இதில் ஏதாவது கூட இருந்தால் மறுபடி பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

படத்தின் ஓரத்தில் சாப்பாட்டு மேசை தெரிகிறது, அங்கேயே உட்கார வையுங்கள். அம்மா குள்ளமாக இருக்கிறார். அந்த உயரத்தில் கையை வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும், பட்டை நெஞ்சுக்கு மேலே போய்விடும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு ஏற்றுங்கள். அப்போது பாதம் தொங்கும், கீழே ஒரு மணைப் பலகை வையுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் உங்களிடம் ஏதாவது சொல்லத் தொடங்குவார், படத்திலேயே தெரிகிறது. வாயை மூடச் சொல்லாதீர்கள். மெஷினை அமுக்காமல், சொல்லி முடிக்கிற வரை கேளுங்கள். பிறகு ஐந்து நிமிடம் முதலிலிருந்து.