குளூட்டன் இல்லாத இனிப்பு: வீட்டில் செய்தால் போதுமா?

கேள்வி: எட்டு வயது மகளுக்குச் சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டார். 'குளூட்டன் ஃப்ரீ' பிஸ்கட்தான் வாங்கித் தருகிறேன். விலையும் அதிகம், வாயில் போட்டால் வெறும் மாவும் சர்க்கரையுமாக இருக்கிறது. வீட்டிலேயே இனிப்பு ஏதாவது செய்யலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். உங்கள் நாக்கு சொன்னதும் சரிதான். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். கோதுமை மாவு பிசையும்போது இழுபடுவதற்குக் காரணமே அதுதான். அது இல்லாத பிஸ்கட் உதிரும். அதைச் சமாளிக்கப் பல தயாரிப்புகளில் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் கூடிவிடும், நார்ச்சத்து குறைந்துவிடும். உறையில் இருக்கும் அந்த வாசகம் குளூட்டனைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

அடுப்பில் சுடவே தேவையில்லாத பேரீச்சை உருண்டையிலிருந்து தொடங்குங்கள். வறுத்த பாதாம் அல்லது வேர்க்கடலை 100 கிராம், ஓட்ஸ் 50 கிராம். இரண்டையும் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டிப் பொடியுங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் கக்கிவிடும். 200 கிராம் பேரீச்சையில் கொட்டை நீக்கி, ஒரு சிட்டிகை உப்புடன் போட்டு அரையுங்கள். கையில் அழுத்தினால் பிடிபட வேண்டும். 20 உருண்டை வரும். ஒன்றில் 6, 7 கிராம் சர்க்கரை இருக்கும். பழத்தின் சர்க்கரைதான், ஆனாலும் நாளுக்கு இரண்டு போதும். தேனோ சிரப்போ சேர்க்காதீர்கள், தேவையே இல்லை.

வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையும் பார்லியும் அதில் கலந்துவிடும். அதனால் சாதாரண ஓட்ஸ் வேண்டாம். 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டதையே வாங்குங்கள். பல நாடுகளில் அப்படி அச்சிட, குளூட்டனுக்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். சீலியாக் உள்ள சிலருக்கு அந்த ஓட்ஸும் ஒத்துக்கொள்ளாது. மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவரை ஓட்ஸுக்குப் பதில் எள் போடலாம்.

நறுக்கிய பேரீச்சையை வாங்காதீர்கள். ஒட்டாமல் இருக்க அதன்மேல் மாவு தூவியிருப்பார்கள், சில சமயம் ஓட்ஸ் மாவு. முழுப் பழமே நல்லது. சாக்லேட் சேர்க்க ஆசைப்பட்டால் பொருட்பட்டியலில் 'மால்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் பார்லி. 'கோதுமை இல்லை' என்று போட்ட பொருளில்கூட அது இருக்கலாம். கடையில் திறந்த தொட்டியிலிருந்து அள்ளித் தரும் பருப்பு வகைகளும் வேண்டாம். ஒரே கரண்டி எல்லாத் தொட்டிக்கும் போய்வரும்.

அப்புறம், உங்கள் வீட்டு மிக்ஸி. கோதுமை அரைத்த ஜாடி என்றால் பிளேடுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், பழைய மாவு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். முடிந்தால் மகளுக்கென்று தனி ஜாடி வையுங்கள். சல்லடையை மட்டும் எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.