சுருளை அணைத்தபடி ஒரு பெரியவர்

கேள்வி: பாட்டியின் பழைய வேதாகமத்துக்குள் கத்தரித்து வைத்த ஒரு படம் கிடைத்தது. தாடி வைத்த பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருள்களை வைத்துப் படிக்கிறார்கள். வலது பக்கம் நிற்கும் பையனை அவன் அம்மா அணைத்துக்கொண்டிருக்கிறார். கீழே பெயர் இல்லை. யார் வரைந்தது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட் வரைந்த எண்ணெய் ஓவியம் அது. லூக்கா இரண்டாம் அதிகாரத்துக் காட்சி. காணாமல் போன பன்னிரண்டு வயது இயேசுவை, தேவாலயத்தில் போதகர்கள் நடுவே பெற்றோர் கண்டுபிடிக்கிறார்கள்.

1854இல் எருசலேமுக்கே போய் ஹன்ட் இதை ஆரம்பித்தார். அங்கிருந்த யூதர்களையே முன்னால் உட்காரவைத்து வரைய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இவர் மதம் மாற்ற வந்தவரோ என்று அவர்கள் சந்தேகப்பட்டதால் ஆள் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் லண்டனில் வைத்து 1860இல்தான் முடித்தார். கம்பார்ட் என்ற வியாபாரி 5,500 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பணம்) கொடுத்து வாங்கி, கட்டணம் வைத்து ஊருக்குக் காட்டினார். உலோகத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, செதுக்குப் படமாக அச்சிட்டும் விற்றார். மூல ஓவியம் இப்போது பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லோரும் பையனைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இடது ஓரத்தைப் பாருங்கள். வரிசையில் மூத்த ரபிக்கு, அதாவது யூத மத போதகருக்கு, கண் தெரியாது. திருச்சட்டச் சுருளை உறையோடு சேர்த்து அணைத்து வைத்திருக்கிறார். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிழவர் அவர் கைமேல் தன் கையை வைத்திருக்கிறார். மறு கையில், வேதவசனம் எழுதி உள்ளே வைத்துக் கட்டிக்கொள்ளும் சிறு பெட்டி.

என் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. அப்புறமும் திருவாசகப் புத்தகம் மடியில் இல்லாமல் ஒரு பாட்டும் சொல்ல மாட்டார். சொல்லிக்கொண்டே வரும்போது சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்புவார். அதனால்தான் அந்த ரபியை விட்டு என் கண் நகர்வதில்லை. படிப்பவர்களை வரைந்த ஓவியர்கள் எத்தனையோ பேர். இனிமேல் படிக்க முடியாத ஒருவரை அந்த வரிசையின் தலையில் உட்காரவைத்தாரே, அதற்காகவே ஹன்ட்டை எனக்குப் பிடிக்கும்.

சரி, உங்களிடம் இருப்பது அச்சுப்படம்தான். மூலம் ஏறத்தாழ 86 சென்டிமீட்டர் உயரம், 141 சென்டிமீட்டர் அகலம். படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் பத்திரிகையிலோ புத்தகத்திலோ வந்தது. மெல்லிய கோடுகளாகத் தெரிந்தால் செதுக்குப் படமாக இருக்கலாம். எதுவானாலும் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடாதீர்கள். பின்பக்கம் பாட்டி ஏதாவது எழுதி வைத்திருந்தால் எனக்கும் எழுதுங்கள்.